கரும்பலகையில் நான் எழுதிய வாக்கியம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம். காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில், வேலை முடித்து வருகிறவர்களுக்கு மாலையில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாக்கியங்களை வினையெச்சத் தொடரால் ஒன்றாக இணைக்கும் பாடம் மூன்று வாரமாக யாருக்கும் பிடிபடவில்லை. சொந்த வாழ்க்கையிலிருந்தே எழுதி வாருங்கள் என்றேன்.

சாலை வேலை பார்த்த முனியாண்டியின் நோட்டில் ஒரு பிழைகூட இல்லை. தமிழில் சொன்னால்: "ஜப்பான்காரர்களுக்குப் பயந்து, தம்பி தட்டுவதைக் கேட்டும், நான் கதவைத் திறக்கவில்லை."

பத்துக்குப் பத்து போட்டேன். மகிழ்ச்சி தாங்காமல் கரும்பலகையிலும் எழுதினேன். அவர் பாதி எழுந்து, "வேணாம் சார்" என்றார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் சேர்ந்து மூணு தடவை சத்தமா படிங்க."

இருபது பேர் ஒரே குரலில் படித்தார்கள். மூன்றாம் தடவை பெண்கள் பெஞ்சில் ஒரு குரல் நின்றுவிட்டது. முனியாண்டியின் தம்பி மனைவி செல்லம்மா. யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன அவள் கணவன் திரும்பவே இல்லை.

அவள் எழுந்து நின்றாள். "அவரு அன்னைக்கு வீட்டுப் பக்கமே வரலன்னுதானே சொன்னீங்க, மாமா?"

முனியாண்டி நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதன்பின் இருவருமே வகுப்புக்கு வரவில்லை.

பலகையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது, அதை அவர் எனக்கு மட்டும் எழுதியிருந்தார் என்று.

பிறகு எந்த வகுப்பையும் நான் சேர்ந்து படிக்கச் சொன்னதில்லை. ஆனால் இன்றும் யாராவது கதவைத் தட்டினால், எனக்குள் இருபது பேர் படிக்க ஆரம்பிக்கிறார்கள்.