கேபிளோடு வந்த வட்டம்

எட்டு மாதமாக ஒரு கட்டைவிரல் நகத்தோடு மல்லுக்கட்டினேன். என் ஆண்டெனா அவ்வளவுதான் இருக்கும். ஒரகடம் தொழிற்சாலைக்காரர்கள் கழுத்தில் மாட்டும் அட்டைக்குள் அது உட்கார வேண்டும். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நெருங்கினால் அட்டை கத்தும், வண்டி தானாக நிற்கும். அதற்கு அலை எல்லாத் திசையிலும் சமமாகப் போக வேண்டும், அதுவும் ஒன்றல்ல, ஏகப்பட்ட அலைவரிசைகளில். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

ஒருநாள் கணினித் திரையில் எல்லா அலைவரிசைக்கும் வட்டம் வந்தது, அதாவது எல்லாத் திசையிலும் சமம். சோதனை அறையிலேயே அழுதுவிட்டேன். கையெழுத்துப் போட்டு அறிக்கையை அனுப்பினேன்.

நேரடிச் சோதனை என் அக்கா வேலை பார்க்கும் பேக்கிங் லைனில் நடந்தது. யார் மாட்டிக்கொள்வது என்று கேட்டதும் அவள்தான் முன்னால் வந்தாள்.

"எங்க வூட்டுப் பொண்ணு செஞ்சது. நான் போடாம வேற எவ போடுவா?"

பெட்டிகளைப் பார்த்தபடி நின்றாள். வண்டி அவளுக்குப் பின்னால், இடப்பக்கமாக வந்தது. அட்டை கத்தவில்லை. டிரைவர்தான் "யக்கா!" என்று அலறி பிரேக் அடித்தார். இரும்பு முனை அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

காரணம் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நான் ஆண்டெனாவைக் கேபிளில் மாட்டியே அளந்திருந்தேன். இத்துனூண்டு பொருளுக்கு அந்தக் கேபிளே பாதி ஆண்டெனாவாகிவிடும். அட்டைக்குள் பேட்டரிதான், கேபிள் ஏது? கேபிள் வழியே அலை போகாமல் தடுக்கும் ஃபெரைட் வளையத்தை மாட்டினால் இந்தக் கள்ளத்தனம் நிற்கும். அறிக்கை அனுப்பும் முன்பே ஒருமுறை மாட்டியும் பார்த்தேன். வட்டம் நசுங்கியது, ஒரு பக்கம் அலையே போகவில்லை. வளையத்தில்தான் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கழற்றி டிராயரில் போட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

"ஒரு தடவ மிஸ்ஸாச்சு, அவ்ளோதானே? ரிப்போர்ட் நல்லா இருக்கு. திங்கக்கெழம கஸ்டமர் வர்றாங்க. இது போச்சுன்னா உன் வேலையும் போச்சு" என்றார் என் மேலாளர். நான் பையை எடுத்துக்கொண்டு அக்காவோடு கிளம்பினேன்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அக்காவைக் கேட்டேன்.

"வண்டிச் சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சி."

"அப்புறம் ஏன் திரும்பல?"

"நீ செஞ்சதாச்சே, கத்தும்னு நின்னுகினு இருந்தேன்டி."

ஆட்டோ குலுங்கலில் இரண்டு முறை அழித்து அழித்து மேலாளருக்குத் தட்டினேன்: என் அறிக்கை தவறு, அட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிறகு அக்காவின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அட்டையைக் கழற்றினேன்.