இடுப்புக்கு எடுத்த இரண்டு படங்கள்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். தொங்கும் ஏணியில் கப்பலேறி, இறக்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. ஒரு கோடையில் இடது இடுப்பில் வந்து உட்கார்ந்த வலி நான்கு மாதமாகியும் எழுந்து போகவில்லை. எக்ஸ்ரேயோ எலும்பு நன்றாயிருப்பதாகச் சொன்னது. வலியைவிட அந்த எக்ஸ்ரேதான் என்னை அதிகம் படுத்தியது.

"சோம்பேறித்தனம் எக்ஸ்ரேல தெரியாதுல்லா வேய்!" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

மதராஸில் அணு மருந்து செலுத்தி எலும்பைப் படமெடுக்கிறார்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். அதிலும் ஒன்றுமில்லை என்றால் திங்கட்கிழமை ஏணியில் ஏற வேண்டும் என்றார் மேலதிகாரி. நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே ரயிலேறியவன் நானாகத்தான் இருப்பேன்.

ஊசி போட்ட நர்ஸ், "மூணு மணி நேரம் நிறையத் தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க" என்றார். முதல் பாதிக்குக் கட்டுப்பட்டேன். இரண்டாவதை யோசித்தேன். அணுவைப் பற்றி நாலு புத்தகம் படித்தவன் நான். பம்பாயிலிருந்து விமானத்தில் வந்த மருந்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாவது! அடக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் புன்னைக்காயல்காரர் ஒருவர், சங்கு குளிப்பவர், அதே ஊசி போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி நாலு தடவை போய்வந்தார். பாவம், மருந்தெல்லாம் வீணாகிறதே என்று இரக்கப்பட்டேன்.

"என்ன அண்ணாச்சி, நாங்க மூச்சடக்குத மாதிரில்லா அடக்கிக்கிட்டு இருக்கீய!" என்று சிரித்தார்.

அவருடைய படம் நன்றாக விழுந்தது. அடுத்து நான். படுக்க வைத்தபோது, "போயிட்டு வந்தாச்சா சார்?" என்று கேட்டார் படமெடுப்பவர். கூச்சத்தில் "ஆச்சு" என்றேன். இயந்திரம் டிக் டிக்கென்று மேலும் கீழும் நகர்ந்து காகிதத்தில் புள்ளி வைத்தது. முடிவில், இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பனங்காய் அளவுக்கு ஒரே கறுப்பு.

"போயிட்டு வந்தும் இப்படியா? இடுப்பே தெரியலையே. தெளிவில்லைன்னு எழுதி அனுப்பிடறேன் சார்."

அந்தச் சீட்டோடு போனால் எனக்கு ஏணிதான். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மானம் தடுத்தது.

கதவருகே நின்ற சங்கு குளிப்பவர்தான் பேசினார். "ஐயா, அவுஹ காலையிலேருந்து ஒருதடவகூட எந்திரிக்கலைய்யா. நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் அடக்கிவைத்த மருந்தெல்லாம் சிறுநீர்ப்பையில் தேங்கி இடுப்பை மறைத்திருக்கிறது. போய்வந்தேன், மறுபடி படுத்தேன். இந்த முறை இடது தொடையெலும்பின் தலையில் மட்டும் புள்ளிகள் எறும்பாக மொய்த்திருந்தன. அங்கே இரத்த ஓட்டம் கெட்டிருக்கிறது, இன்னும் சில மாதம் ஏணி ஏறியிருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும் என்றார் டாக்டர். ஆறு மாதம் ஊன்றுகோல், பிறகு தரையில் மேஜை வேலை. இன்றும் சொந்தக் காலில்தான் நடக்கிறேன்.

இரண்டு படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்: ஒன்றில் என் நோய் தெரிகிறது, மற்றதில் நான் தெரிகிறேன், என் படிப்பின் மேல் எனக்கே மதிப்பு கூடும் நாட்களில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கறுப்புப் படத்தைத்தான்.