சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போன வீடுகள்

வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை மாத்திரை கொடுப்பது என் வேலை. கொடுப்பது சுலபம், அது வயிற்றுக்குள் போனதா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. உங்கள் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் இருந்தால், நான் படுவது சொல்லாமலே புரியும்.

நல்ல நம்பர்

கீரப்பாளையத்தில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். மாதாமாதம் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு அழகாக இருக்கும். மற்ற வீடுகளில் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒரு தடவை பத்து நாள் முன்னதாகவே போய்விட்டேன். மனுஷன் முகம் வெளிறிப்போனது. மீட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு!

அவர் மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தார். அத்தனையும் பிரிக்காத மாத்திரை அட்டைகள். நான் வரும் தேதிக்கு நாலு நாள் முன்னால்தான் போட ஆரம்பிப்பாராம். நான் முறைத்ததும் கண்டக்டரே சமாதானம் சொன்னார்:

“உன் நோட்டுல நல்ல நம்பர் விழணும்ல, அதுக்குத்தாம்மா.”

பாதிப் பாதி

முதலில் கடலூர் முதுநகரில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு அம்மா, ஒருநாள்கூட விடாமல் போடுவதாகச் சத்தியம் செய்வார். சர்க்கரை மட்டும் இறங்காது. “என் எதிரிலேயே போடுங்க” என்றேன். பழக்க தோஷத்தில் மாத்திரையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தனியாக வைத்தார். அது துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற அவர் வீட்டுக்காரருக்காம். அவருக்கும் இதே அசதி, இதே தாகம் என்று இந்தம்மாவே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

அவரையும் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தோம். அவருக்கும் சர்க்கரைதான். டாக்டர் தனியாக மாத்திரை எழுதினார். இருவருக்கும் இறங்கத் தொடங்கியது. ஆனாலும் வீட்டுக்காரர் சொன்னது:

“என் அட்டையா இருந்தாலும், அவ கையால குடுத்தாத்தாம்மா கேக்குது.”

வெறும் வயிறு

அஞ்சலை நாற்று நடப் போகிறவர். முதல் வார மாத்திரை தவிர, இரண்டு மாத அட்டைகள் அப்படியே கிடந்தன. காலில் ஒரு புண் வேறு, ஆறவே இல்லை. போகும்போதெல்லாம் திட்டினேன், “காலை எடுத்துடுவாங்க” என்று பயமுறுத்தினேன்.

அவரோடு நடவுக்குப் போகிறவர்கள்தான் விஷயத்தைச் சொன்னார்கள். முதல் வாரம் விடியற்காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். சோறு பத்து மணிக்குத்தான். அதற்குள் சர்க்கரை ரொம்ப இறங்கி, கண் இருட்டி, சேற்றில் குப்புற விழுந்திருக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மூச்சே போயிருக்கும். அதன்பிறகு மாத்திரையைத் தொடவே பயம். இது தெரியாமல் நான் இரண்டு மாதம் திட்டியிருக்கிறேன்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை மாற்றி, சோற்றோடு சேர்த்துப் போடச் சொன்னார். தூக்குவாளியோடு அட்டையும் வயலுக்குப் போனது. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது, புண்ணும் மூடியது. காலை நீட்டிக் காட்டிச் சிரித்தபடி அஞ்சலை கேட்டார்:

“இவ்ளோ திட்டத் தெரிஞ்ச உனக்கு, எப்ப சாப்புடுறேன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியலையே?”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன். அவர்களும் எனக்கு ஒரு தட்டு வைத்துவிடுவதால், சீக்கிரமே என் பேரிலும் ஒரு அட்டை வாங்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.