எங்கள் வீட்டு வெந்நீர்: ஒரு திருத்தம்

போன வாரம் பெருங்குடியில் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். தரைத்தளத்தில் ஒரு டீக்கடை. சுவரில் பலகை மாட்டி, பதினான்கு வகை டீ எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எதைக் கண்டாலும் எண்ணுவது பத்திரிகை வேலை கொடுத்த வியாதி. ஏலக்காய் என்றேன். அந்தப் பெண் காகிதக் கோப்பையில் ஊற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்தி, உறிஞ்சுவதற்கு அதிலிருந்த சின்ன ஓட்டையைக் காட்டிக் கொடுத்தாள். நான் மூடியைக் கழற்றினேன்.

"மூடியோடவே குடிக்கலாம் மேடம். சிந்தாது."

"வாசனை வரலையேம்மா."

"டேஸ்ட் நல்லா இருக்கும் மேடம்" என்றாள், குழந்தைக்கு மருந்து கொடுப்பவள் மாதிரி.

மூடியில்லாத கோப்பையை முகத்தருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வந்தது என்னவோ ஏலக்காய் வாசனைதான், சோப்பில் வருமே, அந்த ஏலக்காய். எனக்கு அம்மா போட்ட டீ நினைவுக்கு வந்தது. அந்த டீயைப் பற்றி நான் ஒருமுறை அச்சில் தவறாக எழுதியிருக்கிறேன். அது தவறு என்று எனக்குத் தெரிய வந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

அப்போது நாங்கள் சாந்தோம் கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில், மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார மாமா. அவர் வீட்டில் காபி மட்டும்தான்; டீ என்பது காய்ச்சலில் படுத்தவர்களுக்கு என்பது அவர் கட்சி. மேலே நாங்கள் மூன்று பேர். அம்மா அடையாறில் பள்ளி ஆசிரியை. அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கிளார்க். நான் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, அப்போதுதான் உதவி ஆசிரியர் மேசைக்கு நகர்ந்திருந்தேன்.

பகலெல்லாம் கிரீஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அப்படி ஒரு மூக்கு எப்படி வாய்த்தது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டீ போடுவாள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எவர்சில்வர் டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து மூன்று முறை இழுத்துவிட்டு, தீர்ப்பு சொல்வார்.

"ஏலக்காய் ரெண்டு."

"மூணு போட்டேன்."

"ஒண்ணு சொத்தை. அது கணக்குல வராது."

அம்மா போய்த் தோலைப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்று சொத்தையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் சுக்கு, ஒரு வாரம் காய வைத்த ஆரஞ்சுத் தோல். ஒருமுறை நாலு ரோஜா இதழ் போட்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "மாதாவுக்கு வெச்சத எடுத்துட்டியா ஸ்டெல்லா?" அம்மா சிரித்த சிரிப்பில் வடிகட்டி கையிலிருந்து விழுந்தது.

எனக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. எனக்குப் பிடித்தது எதுவும் சேர்க்காத டீ. கொதிக்கும் தண்ணீரில் தூள் விழுந்த முதல் நொடியில் ஈர மண்ணும் மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும். அது போதும் எனக்கு. "ஆஸ்பத்திரி டேஸ்ட்" என்பார் அப்பா. அம்மாவுக்குப் பிடித்தது டீ வாசனையே அல்ல, பால் பொங்கி ஏடு கட்டும்போது வருமே, அது. டீயைக் கடைசியில் ஊற்றிக்கொண்டு, அடியில் தங்கியதைக் குடிப்பாள்.

தூள் வாங்க அப்பா என்னைத் தி. நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்கு அழைத்துப்போவார். பலகைப் பெட்டிகளில் தூளைக் கொட்டி வைத்து, கேட்ட விகிதத்தில் கலந்து தரும் கடை. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டு, வாயால் ஒருமுறை சூடாக ஊதி, உடனே மோந்து பார்ப்பார். "இது வேணாம், மழைல நனைஞ்சது" என்பார். கடைக்காரர் கும்பிடு போடுவார்: "சார் மூக்குக்கு நான் பயந்துக்கினு கீறேன் நைனா."

தொண்ணூற்றைந்து வாக்கில் ஒரு ஞாயிறு, அப்பா வழக்கத்தைவிட அதிக நேரம் மோந்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் போடலையா?"

அம்மா சிரித்தாள். ஆட்டத்தில் புதுசாக ஏதோ செய்கிறார் என்று நினைத்திருப்பாள். நாலு ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள்.

அடுத்த வாரமும் அப்படியே. ஒரு மாதத்தில் அது வாரநாட்களுக்கும் வந்துவிட்டது. "வெந்நி மாதிரி இருக்கு ஸ்டெல்லா." முதலில் தூளைச் சந்தேகப்பட்டோம். தி. நகர் கடையில் அப்பா ஒவ்வொரு பெட்டியாக ஊதி மோந்தார். எல்லாம் பழசு, சக்கை என்றார். கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சார் நீ! அதே பொட்டி, அதே தூளு. நேத்து வந்த லோடு. உங்க வூட்ல எப்டி போடறாங்களோ, அத்தப் போய்க் கேளு."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் கேட்டார்: "தூள எப்ப போடுற? தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" இருபத்தைந்து வருடமாகத் தனக்கு டீ போடுகிறவளிடம்.

அம்மா ஏலக்காயைக் கூட்டினாள். ஆறு, எட்டு. எனக்குக் குடிக்க முடியவில்லை. கடைசியில் இஞ்சிக்குப் போனாள். தொண்டை எரிகிற அளவுக்கு இஞ்சி போட்ட அன்று அப்பா தலையை ஆட்டினார். "ம். இப்பப் பரவால்ல." அதுவரை இஞ்சி டீ லாரி டிரைவர் குடிப்பது என்று கிண்டல் செய்தவர் அவர்.

ஒருநாள் மதியம் நான் படியேறும்போதே பால் தீய்ந்த நாற்றம். கீழே மாமா ஈஸிசேரிலிருந்து குரல் கொடுத்தார்: "என்னம்மா, உங்காத்துல இன்னிக்கு பால் பாயசமா?" மேலே புகை. அன்று விடுப்பிலிருந்த அப்பா அடுப்பிலிருந்து ஐந்தடி தூரத்தில், எங்கள் நாளிதழில் நான் விட்ட பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, பால்!"

"எங்க?" என்றார், நிமிர்ந்து பார்த்து.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஞாயிறு மலரில் ஒரு மூலை காலியாக இருந்தது. நகைச்சுவையாக ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். ஒரே மூச்சில் எழுதினேன். தலைப்பு, 'எங்கள் வீட்டு வெந்நீர்'. மூக்கில் மன்னரான அப்பா, வயதாக ஆக டீ போட மறந்துகொண்டே வரும் அம்மா, ஏலக்காயிலிருந்து இஞ்சிக்குச் சறுக்கிய குடும்பம். தீய்ந்த பாலும் அதில் உண்டு, அப்பாவின் 'எங்க?' உட்பட. இன்று அதைப் படித்தால் ஒரு நோயின் அறிகுறிகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. எழுதியவளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மாவின் பள்ளியில் எல்லோரும் படித்திருந்தார்கள். "டீச்சர், இன்னிக்கு வெந்நி உங்க கையாலயா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் கோவிலிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தபோது, என்னிடம் பிளாஸ்கைக் கொடுத்து, "முனைக் கடைல நாலு டீ வாங்கிட்டு வா" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த யாருக்கும் அவள் தன் கையால் டீ போட்டுக் கொடுக்கவில்லை.

ஒரு மாலை என் முன்னால் ஒரு டம்ளரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பழைய மாதிரி, மூன்று ஏலக்காய்.

"நீயாவது உண்மையச் சொல்லுடி. நல்லா இருக்கா, இல்லையா? என் கை கெட்டுப்போச்சா?"

குடித்தேன். நன்றாக இருந்தது. வாசனை மூக்கில் ஏறியது. ஆனால் அந்த வீட்டில் வாசனைக்கு அப்பா சொல்வதுதான் முடிவு. அவர் இல்லை என்றால் எனக்கு வந்ததும் வாசனைதானா என்று சந்தேகமாகிவிட்டது.

"நல்லாத்தாம்மா இருக்கு. கொஞ்சம் ஏலக்காய் கம்மியோ என்னமோ" என்றேன்.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் தலைமை உதவி ஆசிரியர் ஒரு செய்தியை ஒரே ஆள் சொன்னால் வாங்க மாட்டார். "இன்னொருத்தன் சொன்னானா? போய்க் கேட்டுட்டு வா" என்று காகிதத்தைத் திருப்பி எறிவார். எங்கள் வீட்டில் இன்னொருவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கீழ்வீட்டு மாமா வாரத்துக்கு ஒருமுறையாவது படியில் என்னை நிறுத்துவார்: "உங்கம்மா டீ போட்டா எங்காத்து டிகாக்‌ஷன் வாசனையே அடிபட்டுப் போறது. ஏலக்காய் வந்துண்டே இருக்கு போ!" புகாரா பாராட்டா என்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போவேன். காபி குடிப்பவருக்கு டீயைப் பற்றி என்ன தெரியும்?

தொண்ணூற்றேழு ஜூன் மாதம், பள்ளி திறந்த மூன்றாம் நாள், வகுப்பில் நின்றுகொண்டிருந்த அம்மா மேசையைப் பிடித்தபடி சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அன்று காலையும் அப்பாவுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "ம்" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம் அப்பாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "வாசனையெல்லாம் தெரியுதா சார்?"

"அதுக்கென்ன, நல்லாத் தெரியும்" என்றார் அப்பா. கொஞ்சம் பெருமையாகக்கூட.

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே பிடித்தார். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். காபித்தூள் என்று எனக்கே தெரிந்தது. அப்பா மூன்று முறை இழுத்தார்.

"காலிப் பாட்டில்" என்றார்.

இரண்டாவது புட்டியில் கிராம்பு. அதுவும் காலி என்றார்.

பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில வருடம் முன்னாலேயே மூக்கு போய்விடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரியாதாம். இஞ்சியைப் பற்றிக் கேட்டேன். அது எரிச்சல், எரிச்சல் வேறு நரம்பில் தெரியும் என்றார்.

மயிலாப்பூர் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. அந்தக் காலத்தில் அங்கே ஆற்று நாற்றம் தாங்காமல் பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்தினேன். அப்பா பொத்தவில்லை. மற்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாலம் தாண்டிய பிறகு கேட்டார்:

"அப்போ அவ போட்ட டீ நல்லாத்தான் இருந்துதா?"

"நல்லா இருந்துதுப்பா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

இதைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம் நான் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார்.

அதன் பிறகு ஐந்து வருடம் இருந்தார். டீ நான்தான் போட்டேன். டம்ளரை அவரால் நிலையாகப் பிடிக்க முடியாது என்பதால் நான் பிடித்துக்கொள்வேன். தினமும் கண்ணை மூடி, மூன்று முறை இழுத்து, "ஏலக்காய்" என்பார். இஞ்சி போட்ட நாளிலும் ஏலக்காய். ஒன்றும் போடாத நாளிலும் ஏலக்காய். நானும் "ஆமாப்பா, மூணு" என்பேன்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவார்கள், யாரும் பார்க்காத மூலையில், சின்ன எழுத்தில். என் நகைச்சுவைக்குத் திருத்தம் போடச் சொல்லி மலர் ஆசிரியரிடம் கேட்டேன். "சொந்த வீட்டு டீக்கு எவனாவது திருத்தம் போடுவானாம்மா?" என்று சிரித்தார். அந்த மலர் நின்றுபோய் வெகுகாலமாகிறது. தி. நகர் சந்தில் பலகைப் பெட்டிகள் இல்லை. பாக்கெட்டில் ஒட்டி வரும் தூளை ஊதிப் பார்க்க முடியாது. மயிலாப்பூர் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது, படியில் நிறுத்திப் பேச மாமா இல்லை. திருத்தத்தைப் படிக்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.

பெருங்குடியில் அந்தக் கோப்பையை முழுக்கக் குடிக்க முடியவில்லை. "நல்லா இல்லையா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். குரலில் ஒரு பயம் இருந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றேன், உடனே. "ரொம்ப நல்லா இருக்கு."