சஹனில் எனக்கொரு பக்கம்

தின்னத் தின்ன மெலிந்துகொண்டே போனேன், சகோதரிகளே. கொரோனா கழிந்த மறு வருஷம் அது. சோறு தின்ற கையோடு வயிறு ஓடும். நாக்கு நெருப்பாக எரியும். கையில் இறுகிக் கிடந்த காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது. பூச்சிக்கு மருந்து, வாய்வுக்கு மருந்து, ஓதிய தண்ணீர், எல்லாம் குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

கல்முனைப் பக்கத்துக் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் இருந்து ஒன்றாக உண்போம். நான் சுகமாயிருந்த காலத்தில் என் சஹனுக்குப் பெண்கள் போட்டி போடுவார்கள். இறைச்சியை நான் பிய்த்து வைத்தால் ஒருவருக்கும் குறையாது. பாலமுனைச் சம்பந்திமாரும், "உங்கட பக்கத்தில ஒரு இடம் தாங்க" என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பும் நெய்ச்சோற்று வாசமும் இன்னும் நெஞ்சில் நிற்கின்றன.

பேத்தியின் கலியாணத்தன்று நான் இருந்த சஹனில் ஒருவரும் கை வைக்கவில்லை. தங்கை றஹ்மத் காதுக்குள் சொன்னாள்:

"ராத்தா, கோவிக்காதங்க. உங்கட வகுத்து வருத்தம் தொத்துமெண்டு சனம் பயப்படுது. உள்ளுக்கு வாங்க, கஞ்சி தாறன்."

எழும்பிப் போனேன். அறைக்குள் அழுதேன். "யா அல்லாஹ், நீ தந்த ரிஸ்க், இந்த உணவு, என் உடம்பில் தங்கட்டும். மனிதரோடு இருந்து உண்ண வை" என்று கேட்டேன்.

அடுத்த கிழமை மருமகன் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு டொக்டர் பெண்பிள்ளை என் நாக்கைப் பார்த்தா. இரத்தம் எடுத்தா. கமரா விட்டுக் குடலில் துளி சதை எடுத்து அனுப்பினா. முடிவு வந்தது.

"குடலில ஒரு அபூர்வ வருத்தம் அம்மா. தின்னுறது உடம்பில தங்குதில்ல. அதால விட்டமினும் இல்ல, இரத்தமும் இல்ல."

"தொத்துமா மகள்?"

"சீச்சீ, தொத்தாது. நீங்க திண்ட மீனெல்லாம் வீணாப் போச்சு, அதுதான் கவலை."

"மீன் போனாப் போகட்டும் மகள், என்ட மானமல்லவா போச்சு!"

தின்றது தங்கட்டுமென்று நான் அழுது கேட்டேன்; தங்காததுதான் நோயென்று அந்தப் பிள்ளை சொன்னா. என் துஆ, அந்த வேண்டுதல், போய்ச் சேர்ந்துவிட்டதென்று அப்போதே அறிந்தேன்.

மாதக் கணக்கில் ஊசியும் குளிசையும். நாக்கு ஆறியது. பசி வந்தது. தொழுகையில் நெற்றி நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து ஒருவரும் பிடிக்காமல் எழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஒதுங்கி நிற்பவர்களைத்தான் என் கண் தேடுகிறது. போன மாதக் கலியாணத்தில் வெண்படை விழுந்த கையை முந்தானைக்குள் மறைத்தபடி ஒருத்தி நின்றாள்.

"இஞ்ச வாகா, என்ட சஹனில இரி" என்றேன்.

"வேணாம் ராத்தா, மத்த ஆக்கள் எழும்பிருவாங்க."

"எழும்பினா நல்லம். எனக்கும் ஒனக்கும் இறைச்சி கூட வரும்!"

அவள் வந்து இருந்தாள். ஒருவரும் எழும்பவில்லை.

வெட்கப்படாமல் அல்லாஹ்விடம் கேளுங்கள், சகோதரிகளே. வெட்கப்படாமல் டொக்டரிடமும் சொல்லுங்கள். அல்லாஹ் எவர் கையால் சுகம் தருவானென்று நமக்குத் தெரியாது.