அவர் பக்கத்தில் அழித்தது

திருமணத்துக்குப் பிறகும் நான் முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அரியமங்கலம் லேத் பட்டறைகளில் புழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுப்பதுதான் என் ஆய்வு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி அட்டையாகப் பதிந்துவைக்க ஒரு பழைய சாஃப்ட்வேர் வைத்திருந்தேன். அது பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் தடங்கலில்லாமல் ஓடும். கணவருடைய ஆபீஸ் வேலைக்குப் புதியது வேண்டும். அதனால் இரண்டையும் அதே மெஷினில் போட்டார். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று திரை கேட்கும். முதல் வரி அவருடையது, இரண்டாவது என்னுடையது.

இடம் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா சாஃப்ட்வேரையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்தார். இரண்டு சிஸ்டத்திலும் அந்த ஃபோல்டரையே காட்டி இன்ஸ்டால் செய்தார்.

"ஒரே சாமானை ரெண்டு எடத்துல எதுக்கு வைக்கணும்? இப்ப ரெண்டு பக்கமும் ஓடும் பாரு."

ஓடியது. கல்லூரியில் தோழிகளிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

"என் அட்டையெல்லாம் பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக் குடுங்களேன்."

"நான் பாத்துக்கறேன். நீ எழுதற வேலையப் பாரு."

மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் அரியமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். இரும்பைக் கடையும்போது சுருண்டு விழும் சீவலுக்குப் பட்டறைக்குப் பட்டறை ஒரு பெயர். முதலில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டவர்கள், பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர், இன்னைக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு" என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். பாதி நோட்டில் ஏறும். மீதியை வீட்டுக்கு வந்து நேராக அட்டையில் அடித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஃபோல்டரே இல்லை. அட்டைகளும் அதற்குள்ளேதான் இருந்தன. பென்டிரைவில் காப்பி அவர் எடுக்கவே இல்லை.

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "நேத்து என் பக்கத்துல தேவையில்லாததெல்லாம் அழிச்சேன். அது எனக்கு யூஸ் இல்லையே."

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஃபோல்டர்னு நீங்கதானே சொன்னீங்க? அழிக்கும்போது எதுவும் கேக்கலையா?"

"டேட்டாவையும் அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு குடுத்தேன். சரி விடு, நோட்டு இருக்குல்ல?"

பாலக்கரையில் ஒரு கடைக்கு ஹார்டு டிஸ்கைக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "அதே எடத்துல புதுசா எழுதியிருக்காங்க மேடம், வராது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக எழுதப்பட்டவை என்னவென்று பார்த்தேன். கிரிக்கெட் வீடியோக்கள்.

திரும்பவும் பட்டறைகளுக்குப் போய் முதலிலிருந்து கேட்க எனக்கு முகமில்லை. கெடுவும் நெருங்கிவிட்டது. "நோட்ல இருக்கறத வச்சு முடிச்சிடும்மா" என்றார் நெறியாளர். முடித்தேன். நினைத்ததில் பாதிகூட இல்லாத ஆய்வேடு. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், "களப்பணி இன்னும் கொஞ்சம் செஞ்சிருக்கலாம்" என்றார். தலையாட்டினேன்.

பட்டம் கிடைத்ததும் வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் நடுவில் கணவர் என் தோளில் கைவைத்து, "எல்லாம் நான் பண்ணிக் குடுத்த செட்டப்லதான் முடிச்சா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேசரி பரிமாறினேன். அந்தச் சிரிப்புக்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை.