பதினேழு வரவில்லை

ரீசெட் பொத்தானில் யாராவது விரலை வைத்தால் கஜபதிக்குப் பொறுக்காது. "இரு, எய்திக்கிறேன்" என்று சாக்பீஸோடு ஓடி வருவார். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பாக எரியும் பிழை எண், பொத்தானை அழுத்தியதும் மறைந்துவிடும். தொண்ணூற்று மூன்றில் வாங்கிய அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அதனால் எண்ணையும் நேரத்தையும் அதன் கதவிலேயே கிறுக்கி வைப்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்கு அவர் எலக்ட்ரீஷியன், நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பட்டாபிராமிலிருந்து ஒரே ரயிலில் வருகிறோம். இப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ரயில் நின்ற பிறகும் கம்பியை விடமாட்டார். சூப்பர்வைசர் உத்தமன் கூப்பிட்டால் டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் 'சார்' என்பார்.

கதவில் அதிகம் இருப்பது பதினேழு. பெடலை மிதித்தால் இரும்பு அச்சு இறங்கும் இடத்தில் ஒரு ஒளிக்கண் உண்டு. கை உள்ளே இருந்தால் அது பதினேழைக் காட்டி மெஷினை நிறுத்திவிடும். வேலை கெடுகிறது என்று உத்தமன் தினமும் கரித்துக்கொட்டுவார். கஜபதி என்னிடம் மட்டும் சொல்வார்: "எரர் வந்தா பயமில்ல நைனா. வரலேன்னாதான் வயித்தக் கலக்குது."

ஆயுத பூஜை முடிந்ததும் காய்ச்சலில் படுத்தவர், போன திங்கட்கிழமைதான் வந்தார். பூஜை போட்டதிலிருந்து மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அதில் வேலை செய்யும் சுசீலா சந்தோஷமாகச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து பார்த்தார். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு, ஒளிக்கண்ணுக்கும் யாரோ சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கண் மறைந்தால் மெஷின் ஓடவே கூடாது. ஓடிக்கொண்டிருந்தது. சுசீலாவின் கை உள்ளே போய்ப் போய் வந்தது.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். பிரஸ் நின்றது. உள்ளே, ஒளிக்கண் தடுத்தாலும் மெஷின் ஓடும்படி ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.

உத்தமன் வந்தார். பூஜைக்கு மறுநாள் காலை, சுசீலா வருமுன்பே பதினேழு விடாமல் எரிந்ததால் தான்தான் கட்டச் சொன்னதாகவும், சாயந்திரம் லோடு போனதும் கழற்றிவிடலாம் என்றும் சொல்லி, ஃபியூஸுக்காகக் கையை நீட்டினார்.

கஜபதி ஃபியூஸைக் கைக்குள் மூடிக்கொண்டார். குரல் உடைந்து வந்தது.

"போடறேன் சார். சுசீலா எய்ந்துக்கட்டும். நீங்க உள்ள கைய வைங்க."

உத்தமன் நீட்டிய கையை மெல்ல மடக்கி, பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.